குளம் இருந்த இடம் தெரிந்தவர்

சவிரிமுத்து அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் தலை பாதி கறுப்பு, பாதி வெள்ளை. மை பூசிக்கொண்டிருந்தேன். மனைவி குளியலறைக் கதவைத் தட்டிச் சொன்னாள். துவாயோடு வாசலுக்கு ஓடி, எதிர்வீட்டு டேனிஷ்காரிக்குக் காட்சி கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். ஏன் ஓடினேன் என்று தெரியவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது.

அண்ணையை உங்களில் பலருக்குத் தெரியும். கலியாண வீட்டில் அவர் வருவதைக் கண்டு சாப்பாட்டு வரிசைக்குள் ஒளித்தவர்களும் உண்டு. மன்னார்க்காரர். இறைச்சித் தொழிற்சாலையில் இடுப்பு முறிய உழைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஊர்ச் சரித்திரத்தில் இறங்கினார். தன் ஊரின் சரித்திரம் அல்ல. நாங்கள் இப்போது குடியிருக்கும் இடம், ஹோர்சன்ஸ் நகரம் விழுங்கிய ஒரு பழைய டேனிஷ் கிராமம். அதன் பழைய பள்ளிக்கூடத்தில் நாலைந்து டேனிஷ் முதியவர்கள் கிழமைக்கு ஒருநாள் கூடி வரைபடங்களை அடுக்குவார்கள். அவர்களோடு போய் இருந்துவிட்டார். பிறகு எங்களை எங்கே கண்டாலும் சரித்திரம்தான். "நீர் கார் விட்டிருக்கிறது கொல்லன்ரை பட்டறைக்கு மேல" என்பார்.

நான் வீடு வாங்கிய கதை என் புத்திக்கு நல்ல சாட்சி. பத்தாம் வகுப்பு ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எடுத்தவன் நான். வாஸ்துவில் மட்டும் பண்டிதன். காணி வடகிழக்காகச் சரிந்திருந்தது. முன்பு அந்தப் பக்கம் மாவு ஆலையின் குளம் இருந்ததாம் என்று விற்றவர் சொன்னதும், ஈசான மூலையில் தண்ணீர், இதைவிட என்ன வேண்டும் என்று கையெழுத்துப் போட்டேன். குடிபுகுந்த அன்று அண்ணை ஒரு பழைய வரைபடத்தின் நகலோடு வந்தார். பலகாரத் தட்டை நகர்த்திவிட்டு அதை விரித்தார்.

"தம்பி, நீர் வாங்கினது வீடில்லை, குளம்."

"வடகிழக்கில தண்ணி நிண்டால் நல்லதெல்லே அண்ணை?"

"பக்கத்தில நிண்டால் நல்லது. வீட்டுக்க நிண்டால்?"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஓடையைக் குழாயில் அடைத்து மேலே தெருப் போட்டிருக்கிறார்கள், பெருமழைக்குக் குழாய் போதாது என்றார். "ஊரின்ரை பேரை மாத்தலாம் தம்பி, பள்ளத்தை மாத்தேலாது." மகளுக்கு அறையாக்கியிருந்த நிலவறையையும் இறங்கிப் பார்த்தார். வெளிப்படிகளால் மட்டும்தான் அதற்குள் போகலாம். கதவு வெளிப்பக்கம் திறப்பது. மேலே ஒரு சின்ன ஜன்னல். குளிர் வராமல் அதை ஆணி போட்டு இறுக்கியவன் நான். ஆணியைக் கழற்றச் சொன்னார். ஓம் ஓம் என்றேன். பிறகு காணும் போதெல்லாம் கேட்டார். ஓம் ஓம் என்றேன்.

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வானம் பிளந்தது. நான் வைலேயில் களஞ்சிய வேலையில். மனைவி கோல்டிங்கில் தங்கச்சி வீட்டில். மகள் நிலவறையில், காதில் பாட்டுக் கேட்கும் ஏதோ இரண்டை மாட்டிக்கொண்டு சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கதவடியில் தண்ணீர் வந்ததைக் கண்டு எழுந்தபோது கதவு திறக்கவில்லை. வெளிப்படிக்கட்டு முழுக்கத் தண்ணீர். அது கதவை அழுத்திக்கொண்டு நின்றது. மின்சாரமும் போய்விட்டது.

அண்ணை எனக்கு இரண்டு தரம் போன் எடுத்திருக்கிறார். பதில் இல்லாமல் போகவே, எழுபத்தொரு வயதில், முழங்கால் தண்ணீரில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். சைக்கிள் பூட்டால் ஜன்னலை அடித்து உடைத்தார். உள்ளே தண்ணீர் இடுப்பளவு. மேசையில் ஏறு பிள்ளை, என்ரை கையைப் பிடி, அவசரமில்லை என்று டேனிஷில் மெதுவாகச் சொன்னாராம். அவருடைய கை கிழிந்து ஒழுகியதை வெளியே வந்த பிறகுதான் கண்டதாக மகள் சொன்னாள்.

மாலையில் வந்து அவர் முன்னால் நின்றேன். கையில் ஏழு தையல். திட்டவில்லை. "போன் லொக்கருக்க கிடந்தது அண்ணை" என்றேன். "ஓம் தம்பி, வேலை இடத்தில அப்பிடித்தான்" என்றார். இந்த வசந்தத்தில் இருதயம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

தேவாலயத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். கொல்லன் பட்டறைக் கதை சொன்னேன், சிரித்தார்கள். ஜன்னல் கதை சொன்னேன், அழுதார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வரைபட நகலும் ஒரு பயமும். மகள் இப்போது மேல்மாடியில் படுக்கிறாள். இருந்தும் மழை சற்று உரத்தால் நான் வெளிப்படியில் இறங்கி நின்று தண்ணீரைப் பார்க்கிறேன். மழைச் சத்தம் நின்ற பிறகும் காது அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எந்தத் தெருவால் வரும் என்று கேட்க இனி ஆளில்லை.

தேவாலயத்தில் சொல்லாதது ஒன்று உண்டு. வெள்ளம் வந்த அந்தச் சனிக்கிழமை, வேலையில் தேநீர் இடைவேளை. அவருடைய பெயர் திரையில் இரண்டு தரமும் வந்தது. இந்த மனிசன் திரும்பவும் குளத்தைப் பற்றித்தான் கதைக்கப்போறார் என்று நினைத்து, போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மிச்சத் தேநீரைக் குடித்தேன்.