கருவாட்டுச் சட்டியில போன மண்ணு

இன்னா கேட்ட மருமவளே, இந்தச் சட்டியா? துளசிக்கு மண்ணு அள்ளவா? வேணவே வேணாம்! வேற இன்னா வேணா கேளு, தரேன். இந்தச் சட்டியில ஒருதரம் மண்ணு அள்ளித்தான் உங்க மாமாவோட பொழப்பே போவப் பாத்துச்சு. உனக்குத் தெரியாதா? நீ அப்ப ஆரம்பாக்கத்துல உங்க நைனா ஊட்டுல இருந்தே. ஒக்காரு, சொல்றேன்.

அந்த மனுசன் கட்டுமரத்துல கால வெச்சாலே வாந்தி. கடலப் பாத்துக் கொமட்டுறவன எவன் தொழிலுக்குச் சேத்துப்பான்? அதான் கோட்டைக்கிட்ட ஒல்லாந்து வெள்ளக்காரத் தொர ஊட்டுல தோட்ட வேல. தொர வாசல்ல ஒரு மகிழ மரம், அவருக்கு அதுமேல உசுரு. அது எலயெல்லாம் நரம்பு மட்டும் பச்சையா, மிச்சம் மஞ்சளா ஆயி, கொட்ட ஆரம்பிச்சுது.

"மரம் போச்சுன்னா நீயும் போ. போயி மீன் புடி"ன்னுட்டாரு தொர. மாமா அன்னைக்குத் தரையில நின்னுக்கினே வாந்தி எடுத்தாரு!

கப்பல்ல வந்த வைத்தியரு ஒருத்தரு, "மரத்துக்கு நாடி பாக்க முடியாது, மண்ணப் பாக்கலாம். நாலு பக்கமும் ஒரு முழம் தோண்டி, கலந்து கொண்டா"ன்னாரு. மாமா தோண்டுனாரு, நான் சட்டி குடுத்தேன். கழுவித்தான் குடுத்தேன், சத்தியமா.

வைத்தியரு மண்ணத் தண்ணியில கரைச்சு, தெளிய வெச்சு, வெரலால தொட்டு நாக்குல வெச்சாரு.

"உப்பு! தோட்டத்துக்கு அடியில கடலு வந்துடுச்சு!" இன்னொருதரம் நக்கிட்டு, "மீனும் வந்துடுச்சு!"

அவ்ளோதான். தொர ஊட்டுப் பொட்டியெல்லாம் மாடிக்கு ஏறுது. இருவது ஆளு பள்ளம் நோண்டிக் கடலத் தேடுறான். தொர அதுல தூண்டி போட்டாருன்னு கூடச் சொல்றாங்க, நான் பாக்கல.

மாமா மட்டும் மரத்தடி மண்ண அப்படியே வாயில போட்டுப் பாத்துட்டு ஓடியாந்தாரு.

"அடியே, மண்ணுல உப்பே இல்ல. எந்தச் சட்டியக் குடுத்த?"

"கருவாடு ஊறப்போடுற சட்டி."

"அடிப்பாவி!"

மறுபடியும் மண்ணு போச்சு, புதுத் தேங்கா ஓட்டுல. உப்பு இல்ல. வைத்தியரு அதுமேல புளிச்ச காடி ஊத்துனாரு. புஸ்ஸுன்னு நொரச்சுது!

"சுண்ணாம்பு! அதான் எல மஞ்சளாவுது. யாரோ சிப்பி கொட்டியிருக்காங்க!"

எல்லாரும் சுத்திப் பாக்குறாங்க. நானும் சுத்திப் பாக்குறேன். தெனம் அந்த நெழல்ல ஒக்காந்து மட்டி ஒடச்சு, அந்த ஓடெல்லாம் மரத்தடியில பொதைக்கிறது நான்தானே! மரத்துக்கு நல்லதுன்னு நெனச்சேன்.

"யாரு?"ன்னாரு தொர.

"காக்கா, தொர"ன்னேன். மாமா என்னயே பாத்தாரு. அப்புறம் அவரும் அண்ணாந்து காக்காவத் தேடுனாரு.

மட்டி ஓடெல்லாம் பொறுக்கிட்டு, மக்குன எலயும் சாணியும் கூடை கூடையா நான்தான் சொமந்து கொட்டுனேன். மழ முடிஞ்சுது பாரு, பச்சப்பசேல்னு துளிரு! மாமா வேல நெலச்சுது. பேரன் பேத்தி எடுத்தும் இன்னும் அங்கதான் தண்ணி ஊத்துறாரு. பாவம் காக்காதான். அத வெரட்டவே கல்லோட ஒரு ஆளு வெச்சிருக்காரு தொர.

அதான் சொல்றேன், இந்தச் சட்டி... ஐயையோ, ஏய்! ஓடு, ஓடு! மருமவளே, கருவாட்டுல காக்கா எறங்கிடுச்சு, அந்தக் கொம்ப எடு!