அத்தான் பிடுங்கிய களை

போன வருடம் செப்டெம்பர் கடைசியில், கனடாவில், மொன்றியலுக்குத் தெற்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் நடந்தது இது.

நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் பக்கத்துக் கடைக்கு ஒரு பெண் திராட்சைச் சாறும் ஜாமும் விற்க வருவார். நாற்பது வயதிருக்கும். அவரும் தகப்பனுமாக வைன் செய்யும் குடும்பம். தகப்பன் ஒரு காலத்தில் பிரான்ஸ் நாட்டுக் கொடிகளை வைத்திருந்து, ஒவ்வொரு குளிருக்கும் அவற்றைப் போர்த்தி மூடிக் களைத்துப்போய், கடைசியில் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு இந்த மண்ணுக்கே உரிய திராட்சையை நட்டவராம். மருந்து அடிப்பதில்லை, செயற்கை உரம் போடுவதில்லை. பழம் பறிக்கும் நாளில் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிடுவார்கள். பறிக்க வருபவர்களுக்கு மதியம் வயிறாரச் சாப்பாடு. அந்த முறை என்னையும் கூப்பிட்டார்.

அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு போனேன். முருகன் கோயிலுக்குப் போகிற நாங்கள் வைனுக்குப் பழம் பறிப்பதா என்று அக்கா வழி முழுக்க இழுத்தார். நானும் வைன் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள்தான். பழத்தில் என்ன பாவம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

போய் இறங்கியதும் அத்தானின் முகம் மாறிவிட்டது. வரிசைகளுக்கு நடுவே முழங்கால் அளவு புல். அதற்குள் பூ, தேனீ, வண்டு. அத்தான் யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்த மனிதர். அங்கே தோட்டத்தில் ஒரு புல் நின்றாலும் சோம்பேறி என்று பெயர் வந்துவிடும். இங்கே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவர் வீட்டு வளவைப் பார்க்க வேண்டுமே, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றலாம். புல் நின்றால்தான் மண்ணில் ஈரம் நிற்கும், நல்ல பூச்சிகள் தங்கும் என்று அந்தப் பெண் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அத்தான் தலையை ஆட்டினார். அது வெறும் மரியாதைக்கு ஆட்டிய தலை.

மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கோப்பி குடிக்கும்போது ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், கொட்டிலுக்குப் பின்னால் ஒரு பாத்தியைத் துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக்கிவிட்டு, பக்கத்தில் பெரிய புல் குவியலோடு வியர்வை வழியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"பாவங்கள், வேலைக்கு ஆள் இல்லைப்போல. காடாக் கிடந்துது," என்றார். "எங்கட வேலியில ஏறுற அந்தச் சனியன் பிடிச்ச கொடியும் உதுக்குள்ள நிண்டது. வேரோட எடுத்திட்டன்."

அந்தக் கொடிதான் காட்டுத் திராட்சை. மொன்றியலில் யார் வீட்டு வேலியிலும் கேட்காமலே ஏறும். அத்தான் வருடா வருடம் அதோடு மல்லுக்கட்டுபவர். ஆனால் அந்தப் பாத்தியில் இருந்தவை, தகப்பனும் மகளும் வருடக்கணக்காக ஆற்றங்கரைகளில் அலைந்து, நல்ல பழம் தரும் கொடிகளைத் தேடி, தடி வெட்டி வந்து வேர்பிடிக்க வைத்த கன்றுகள். சில தாய்க்கொடிகள் நின்ற கரைகளில் இப்போது வீடுகள் எழும்பிவிட்டன. திரும்பப் போய் வெட்ட வழியில்லை. என் பின்னால் வந்த அந்தப் பெண் அப்படியே மண்ணில் குந்தி இதைச் சொன்னபோது எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் நல்லது என்றிருந்தது.

பின்னேரம் மழை என்று சொல்லியிருந்தார்கள். பாதிப் பழம் இன்னும் கொடியில். தகப்பன் வானத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். பழம் அடுத்த வருடமும் காய்க்கும், இதுதான் இப்போது அவசரம் என்று சொல்லி, பறிப்பதை நிறுத்திவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் குவியலைச் சுற்றி உட்கார்ந்து, புல்லுக்குள் சிக்கிய கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஈரச் சாக்கில் சுற்றினோம். முறிந்தவையும் இருந்தன. நட்டு முடிய முன்னரே மழை கொட்டியது. கொடியில் நின்ற பழம் வெடித்துப் பாழாகப்போகிறது என்று தெரிந்தும் அந்தக் குடும்பம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அப்படிப்பட்ட மனிதர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அத்தான் பேயறைந்தவர்போல் நின்றார். பிறகு மெல்ல என்னிடம் வந்தார்.

"மன்னிப்புக் கேட்கிறனெண்டு சொல்லு பிள்ளை. பனி கொட்டுமட்டும் ஒவ்வொரு சனியும் வந்து பார்க்கிறன் எண்டும் சொல்லு."

நான் பிரெஞ்சில் சொன்னேன். பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பெண், இன்றைக்குத் தன்னால் மன்னிக்க முடியாது என்று நேராகவே சொன்னார். சொல்லிவிட்டு, சனிக்கிழமை வந்து ஊற்றச் சொல்லித் தண்ணீர் வாளியை எடுத்து அத்தானின் கையில் கொடுத்தார்.

அத்தான் சொன்ன சொல் தவறவில்லை. தண்ணீர் ஊற்றினார், கன்றுகளுக்கு வைக்கோல் பரப்பினார். நடுவே முளைத்த புல்லை எப்படித்தான் சகித்தாரோ! பிறகு எல்லாவற்றையும் பனி மூடிவிட்டது. குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

இந்த வருடம் மே கடைசியில் அந்தப் பெண் எங்களை வரச்சொன்னார். பெரும்பாலான கன்றுகள் தளிர்விட்டிருந்தன. நான் கும்பிட்டேவிட்டேன். சில மட்டும் காய்ந்த குச்சிபோல் நின்றன. செத்தவற்றைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள், இடம் வேண்டும் என்றார் அந்தப் பெண். அத்தான் குனிந்து ஒன்றைப் பிடித்தார். பிடித்த கையை எடுத்துவிட்டார்.

"என்னால ஏலாது. இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும்."

அதை நான் சொன்னதும் தகப்பன் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. அத்தானையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்போது மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்" என்றார். அதை அப்படியே அத்தானுக்குத் தமிழில் சொன்னேன்.

எதற்கெடுத்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் புகைந்துகொண்டிருப்பவள் நான். வலித்ததை முகத்துக்கு நேரே சொல்லி, வலிக்கச் செய்தவரின் கையிலேயே கன்றுகளை ஒப்படைக்கும் அந்த மனசு எனக்கும் வராதா என்று சனிக்கிழமைகளில் அவர் கடையைப் பார்க்கும்போதெல்லாம் ஏங்குகிறேன்.