சாம்பிராணியிலிருந்து வந்த ஆசிட்

அந்தச் சின்னப் பித்தளைத் தட்டு கண்ணில் பட்டாலே எனக்கு இன்னமும் நெஞ்சு படபடக்கிறது. ஆனாலும் அதில் இருந்ததைப் பற்றி யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவ்வளவு அழகு!

பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்ததும் முடிக்குப் புகை போடுவதற்காக வைத்திருந்த பால் சாம்பிராணியை எடுத்துப் பழைய தோசைக்கல்லில் பொடித்துப் போட்டாள். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, மேலே ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன் மீது ஈரத்துணியைப் போட்டாள். கால் மணி கழித்துத் தட்டைத் திருப்பினால், அடியெல்லாம் வெள்ளை ஊசிகள். விளக்கு வெளிச்சத்தில் மினுமினுத்தன.

"ஆவியாப் போய்ட்டு குளிர்ந்த எடத்துல ஒட்டிக்கினு இருக்கு பாரும்மா. இதாம்மா பென்சாயிக் ஆசிட்!"

ஆசிட் என்றதும் இரண்டடி பின்வாங்கினேன். நான் படித்தது வணிகவியல். எனக்குத் தெரிந்த ஆசிட் கழிவறையில் ஊற்றுவதுதான்.

அவள் ஊசிகளைச் சுரண்டிப் பித்தளைத் தட்டில் போட்டு, மின்விசிறிக் காற்றில் பறந்துவிடக் கூடாதென்று சாமி அலமாரியில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

என் கணவர் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். வடக்கனந்தலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் கால் கழுவிவிட்டு நேராகச் சாமி அலமாரிக்குத்தான் போவார். மூன்று விரலால் திருநீறு எடுத்து நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொள்வார். அன்றும் அப்படியே செய்தார்.

"இன்னாடி இது, திருநீறு தொண்டையக் காந்துது?" என்று கேட்டவருக்கு அடக்க முடியாத இருமல்.

மகள் ஓடிவந்து தட்டைப் பார்த்தாள். "ஐயோ அப்பா, அது ஆசிட்பா!"

வாய் கொப்பளிக்கத் தண்ணீரைக் கொடுத்து, அவரை ஆட்டோவில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குப் பறந்தோம். வழியெல்லாம் மகள் ஒப்பித்தாள்.

"இது வீரியம் கம்மியான ஆசிட்மா. ஊறுகா, ஜூஸு கெடாம இருக்க இதத்தான் போடுவாங்க. பச்சத் தண்ணில கொஞ்சமாத்தான் கரையும், கொதிக்கிற தண்ணில நல்லாக் கரையும்..."

"வாய மூட்றி! உங்கப்பா தொண்டைல பச்சத் தண்ணி இருக்குதா, வென்னீ இருக்குதான்னு நான் எட்டிப் பாத்துக்கினு வரணுமா?"

"சொல்லட்டும் வுடு," என்றார் அவர் இருமலுக்கு நடுவே. "எனக்கும் தெரிய வாணாமா இன்னாத்தத் தின்னேன்னு?"

மருத்துவமனையில் "ஆசிட் சாப்ட்டாருங்க" என்று நான் சொன்னதும் நர்ஸ் எழுந்தே விட்டார். மகள்தான் அளவையும் பெயரையும் சொன்னாள். டாக்டரம்மா அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"சாம்பிராணில இருந்து நீயே எடுத்தியா? அது பென்சாயிக் ஆசிட்தான்னு எப்டிக் கண்டுபிடிப்ப?"

"சோடா உப்புக் கரைசல்ல போட்டா நொரை வரும் மேடம். எரிச்சா கரிப்புகையா வரும். ரெண்டும் இன்னும் செஞ்சு பாக்கல."

"டாக்டரம்மா, பேஷண்ட்டு இவருங்க!" என்று நான் கத்திவிட்டேன்.

ஒரு சிட்டிகை உடம்பை ஒன்றும் செய்யாது, தூள் பட்டதில் தொண்டை எரிகிறது, ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். இனி எதைச் செய்தாலும் பெயர் எழுதி ஒட்டி, பூட்டி வைக்கச் சொல்லி மகளைக் கண்டித்தார். இருமல் மெல்ல மெல்ல நின்றது. ஒரு மணி நேரத்தில் மறுபடி பார்த்துவிட்டு, "கெளம்புங்க" என்றார்.

கணவர் எழுந்து நடந்துவிட்டார். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து கையைப் பிடித்துத் தூக்கினாள். அவள் கை சில்லென்று வியர்த்திருந்தது. வரும்போது ஆட்டோவில் அவள் ஒப்பித்தது எனக்காக மட்டும் அல்ல, தனக்காகவும்தான் என்று அப்போதுதான் புரிந்தது.