இடது பக்கம் வந்த உதை

ஐம்பத்து மூன்று வயதில் நான் கராத்தே படிக்கப் போனதற்குக் காரணம் ஒரு துக்க வீடு. எஸ்டேட் வரிசை வீடுகளில், பக்கத்து லயத்தில் ஒருவர் இறந்திருந்தார். தரையில் விரித்த பாயில் எல்லோரோடும் நானும் உட்கார்ந்தேன். தூக்கும் நேரம் வந்தபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே எல்லாம் இறுகிப்போயிருந்தது. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். பிணத்தைத் தூக்க வந்தவர்கள் என்னையும் தூக்கினார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எனக்கு வேலை. முப்பது வருடமாக, தேயிலைத் தூளை உலர்த்தும் காய்ச்சல் அறையின் சூட்டில் நின்றுகொண்டே வேலை பார்த்தவன். குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டாது. எஸ்டேட்டில் மூடிக் கிடந்த பழைய பிள்ளைக் காப்பகக் கட்டடத்தில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் கராத்தே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சொல்லிக் கொடுத்தது ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வாசலில் தயங்கி நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

படிக்க வந்த மற்றவர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். இரண்டு வாரம் நான் மட்டும் கிழவனாக நின்றேன். மூன்றாவது வாரம் ஒருவர் வந்து சேர்ந்தார். என்னைவிட நாலு வயது இளையவர். மலை மேலே சுற்றுலா ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். கல்லும் குழியுமான பாதையில் இருபது வருடம் குலுங்கிக் குலுங்கி முதுகு போய்விட்டது என்று சொல்லி வந்தார். எங்கள் உயரமும் உடம்பும் ஒன்றுபோல இருந்ததால் டீச்சர் எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார்.

முதல் மாதங்கள் முழுக்க உடம்பை வளைக்கத்தான். உடம்பு சூடேறின பிறகுதான் இழுக்க வேண்டும், ஆட்டி ஆட்டி இழுக்கக் கூடாது, மூச்சை விட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருப்பார். நானும் டிரைவரும் எதிரெதிரே உட்கார்ந்து, காலை விரித்துப் பாதத்தோடு பாதம் வைத்து, கையைப் பிடித்து ஒருவரை ஒருவர் முன்னால் இழுப்போம். தொடை நரம்பு கிழிகிற மாதிரி இருக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் இழுங்கண்ணே” என்பார். பகலில் ஃபேக்டரியில் இடைவேளை கிடைத்தால் பச்சை இலை வாட்டும் மாடிக்குப் போகிற படிக்கட்டில் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்பேன். அங்கே எப்போதும் இதமான சூடு இருக்கும். ஆறு மாதத்தில் என் விரல் தரையைத் தொட்டது. உதை முழங்கால் உயரத்திலிருந்து தொடைக்கு ஏறி, பிறகு இடுப்புக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் இருவர் மோதும் சண்டைப் பயிற்சி. பலமாக அடிக்கக் கூடாது, தொட்டுவிட்டு எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் டிரைவர் என்னைத் தொட்டுத் தள்ளினார். கை அவ்வளவு வேகம். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்து குத்து வாங்குவேன். காலைப் பார்க்காதீர்கள், நெஞ்சைப் பாருங்கள், எல்லாம் தெரியும் என்றார் டீச்சர்.

பிறகு நிலைமை மாறியது. எனக்கு ஓர் உதை கைவந்தது. வலது காலைப் பின்னாலிருந்து எடுத்து, பக்கவாட்டில் வளைத்து, எதிராளியின் இடது விலாவில் பாதத்தால் தட்டுவது. முதல் தடவை அது அவர் மேல் பட்டபோது நானே ஆச்சரியப்பட்டேன். அடுத்த வகுப்பில் இரண்டு தடவை பட்டது. பிறகு எடுத்தபோதெல்லாம் பட்டது. அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட மாட்டார். பட்ட பிறகுதான் திடுக்கிடுவார். “எங்கருந்துண்ணே வருது இது” என்று சிரிப்பார். மூன்று மாதம் இப்படிப் போனது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையடித்தேன். அந்த வயதில் ஒரு வித்தை நமக்குக் கூடி வருகிறது என்றால் அந்தச் சந்தோஷம் சாதாரணமானது இல்லை.

ஒருநாள் அவர் வரவில்லை. சவாரி இருந்தது. டீச்சர் என்னைப் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணோடு நிறுத்தினார். நான் என் உதையை எடுத்தேன். அந்தப் பெண் அலட்டிக்கொள்ளாமல் முழங்கையால் தடுத்தாள். மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை காலைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். பத்து தடவை முயன்றிருப்பேன், ஒன்றுகூடப் படவில்லை.

முடிந்த பிறகு டீச்சர் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார். “அங்கிள், உங்க உதை ரொம்ப மெதுவா வருது. கிளம்பறதுக்கு முன்னாடியே தோள் திரும்பிருது. யாரா இருந்தாலும் பாத்துருவாங்க.”

யாராக இருந்தாலும். வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அந்த வார்த்தைதான் மண்டைக்குள் ஓடியது. தேயிலைக்கு மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வித்தை எதுவும் வரவில்லை. மூன்று மாதமாக என் உதை ஒரே ஒருவர் மேல்தான் பட்டிருக்கிறது.

அடுத்த வகுப்பில் நான் ஒன்று செய்தேன். அவரோடு மோதிக்கொண்டிருக்கும்போது என் வலது கையை மெதுவாக, வேண்டுமென்றே, வெளியே கொண்டுபோனேன். அவருடைய இடது காதுக்கு ஒரு முழம் பக்கத்தில் வைத்து விரல்களை ஆட்டினேன். அவர் கண் என் நெஞ்சை விட்டு அசையவில்லை. இமைகூட ஆடவில்லை.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. டீக்கடையில் இடது பக்கம் வைத்த கிளாஸைத் தட்டிவிடுகிறார். ரோட்டைக் கடக்கும்போது கழுத்தை முழுவதும் திருப்புகிறார். ஒருநாள் அவருடைய ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தேன். வலது பக்கம் பளபளவென்று இருந்தது. இடது பக்கம் முன்னாலிருந்து பின்வரை கோடு கோடாகக் கீறல். மலைக்கு ஏறும்போது இடது பக்கம் பாறைச் சுவர். இறங்கும்போது இடது பக்கம் வெறும் பள்ளம்.

இடது பக்கம் அவருக்குத் தெரிவதே இல்லை என்று டீக்கடையில் மூலை பெஞ்சில் வைத்து அவரிடம் சொன்னேன். வயசாயிட்டுது, அசதி, வேறொன்றும் இல்லை என்றார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கச் சொன்னேன். விளையாட்டு மாதிரி சிரித்துக்கொண்டே பொத்தினார். சிரிப்பு அப்படியே நின்றது. ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

“என்ன தெரியுது?”

“உங்க மூக்கு தெரியுதுண்ணே. சுத்தி ஒண்ணும் இல்ல. புகை மாதிரி இருக்கு.”

கையை எடுத்துவிட்டு வெளியே நின்ற ஜீப்பைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். “யாருட்டயும் சொல்லிராதீங்க. சீசன் முடியட்டும். முடிஞ்சதும் நானே ஆஸ்பத்திரிக்குப் போயிருதேன். இருபது வருசம் ஓட்டுன பாதண்ணே, கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்.”

நான் சரி என்றேன். இதை எழுதும்போதுதான் அந்த ஒரு சொல் எவ்வளவு எளிதாக என் வாயிலிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். ஒருவருடைய பிழைப்பில் கை வைக்க நான் யார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து போகத்தான் அவசரப்பட்டேன்.

ஆறு வாரம் அப்படிப் போயிற்று. ஃபேக்டரி வாசலில் நின்றால் அவருடைய ஜீப் போவது தெரியும். பின்னால் குல்லா போட்ட குழந்தைகள், செல்போனை நீட்டிப் படம் எடுக்கிற பெண்கள். அது திரும்பி இறங்குகிற சத்தம் கேட்கும்வரை எனக்கு வேலை ஓடாது. இன்ஜின் சத்தம் வளைவில் கொஞ்சம் நின்றாலும் காது அங்கேயே இருக்கும்.

வகுப்பில் நான் வலது காலை எடுப்பதை நிறுத்திவிட்டேன். அவர் அதைக் கவனித்தார். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, மோதிக்கொண்டிருக்கும்போதே கேட்டார், “அந்தக் கால ஏன் எடுக்க மாட்டேங்கிறீங்க?” நான் கையால் மட்டும் தட்டினேன். “எடுங்க” என்றார். நான் எடுக்கவில்லை. அடுத்த நொடி என் விலாவில் ஒரு குத்து விழுந்தது. தொட்டு எடுக்கிற குத்து இல்லை, முழுக் குத்து. நான் மண்டியிட்டு விழுந்தேன். டீச்சர் ஓடிவந்து அவரைச் சுவரோரம் போய் நிற்கச் சொன்னார். அவர் போய் நின்றார். முகம் சுவரைப் பார்த்து இருந்தது.

விலா வலி ஆறுவதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் மனைவியின் தங்கை பெருமாட்டிப் பக்கம் வாக்கப்பட்டவள். புருஷனும் இரண்டு பிள்ளைகளுமாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மலைக்குப் போய் வரலாம் என்று பிள்ளைகள் கேட்க, நான் காலை ஷிப்டில் இருக்கும்போது என் மனைவியே வண்டி பேசிவிட்டாள். தெரிந்த ஆள் என்று அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது ஜீப் லயத்து முன்னால் நிற்கிறது, உள்ளே எல்லோரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. இறங்கச் சொல்ல வாய் வரவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் இருந்த சகலையைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு நான் அவருடைய இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இரண்டு தடவை பாறை கண்ணாடியில் உரசியது. மேலே பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். திரும்பும்போது மணி நாலுதான் இருக்கும், ஆனால் பனி மூடிவிட்டது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நான் வெளியே தலையை நீட்டி, “வலத்த எடுங்க, இன்னும் வலத்த” என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் நான் சொன்னபடி திருப்பினார். பின்னாலிருந்து சகலை, “ஏனுங்க, அவருக்குப் பாதை தெரியாதுங்களா? நீங்க சொல்லிக்கிட்டே வர்றீங்க” என்று கேட்டார். நான் மறுபடி தலையை வெளியே நீட்டினேன்.

நாலாவது வளைவில் எதிரே விளக்கு தெரிந்தது. கீழிருந்து ஒரு ஜீப் ஏறி வருகிறது. வழி கொடுக்க அவர் பழக்கத்தில் இடது பக்கம் ஒதுக்கினார். நான் “நில்லு” என்று கத்தினேன். அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி என் பக்கம் சாய்ந்தது. எனக்குக் கீழே முன் சக்கரத்தின் பாதி ஓரத்தைத் தாண்டியிருந்தது. ஒரு கல் பெயர்ந்து பனிக்குள் போயிற்று. அது விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவே இல்லை.

பின்சீட்டில் பிள்ளைகள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். எல்லோரையும் பின்பக்கமாக ஒவ்வொருவராக இறக்கினோம். எதிரே வந்த டிரைவர் வந்து பார்த்துவிட்டு, வேறு யாரும் தொட வேண்டாம் என்று சொல்லி, தானே ஏறி வண்டியைப் பின்னால் எடுத்தார். நம்மவர் பாறை ஓரம் உட்கார்ந்திருந்தார். சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆள் இல்லாமல் ஏறி வந்த தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கீழே வரை அந்த ஆளே ஓட்டி வந்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் நான் அவர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் நான் கொடுத்த வாக்கையும் சேர்த்துத்தான். அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும், “ஒன்றரை மாசமாத் தெரியுமாண்ணே உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் அவரைத் தேனியில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

கண்ணுக்குள் அழுத்தம். நரம்பு காய்ந்துகொண்டே வந்திருக்கிறது, வலி கிடையாது, அதனால் தெரியாது. இடது கண்ணில் போனது போனதுதான். வலது கண்ணிலும் ஓரம் குறைய ஆரம்பித்திருக்கிறது. ஆயுளுக்கும் சொட்டு மருந்து. வண்டி ஓட்டக் கூடாது, முகத்தில் அடி படக் கூடாது, தலைகீழாகக் குனியக் கூடாது. எப்போதிலிருந்து தெரியும் என்று டாக்டர் கேட்டதற்கு, நேற்றிலிருந்து என்று டிரைவர் சொன்னாராம். இதை அவர் மனைவி என்னிடம் சொன்னபோது அந்த அம்மா முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை. ஜீப்பை வேறொருவர் ஓட்டுகிறார். அவர் ஜீப்புகள் கிளம்பும் இடத்தில் நம்பர் கூப்பிட்டு ஆள் ஏற்றிவிடுகிறார். பிறகு ஒரு சாயங்காலம் வகுப்புக்கு வந்தார். டீச்சர் அவருக்குச் சண்டையை நிறுத்திவிட்டு, உடம்பை வளைக்கிறதில் தலை கீழே போகாமல் செய்கிறதை மட்டும் தந்திருக்கிறார். வேறு ஜோடி இல்லாததால் என் எதிரே வந்து உட்கார்ந்தார். பாதத்தோடு பாதம் வைத்தோம். கையைப் பிடித்து நான் மெதுவாக இழுத்தேன்.

இழுப்புக்கு நடுவே கேட்டார். “தெரிஞ்சுக்கிட்டு எத்தன நாள் அடிச்சீங்கண்ணே?”

“தெரிஞ்ச பொறகு அடிக்கல. பேசாம இருந்தேன்.”

அவர் தலையை முழுதாகத் திருப்பி, நல்ல கண்ணை என் மேல் கொண்டுவந்து வைத்தார். “பேசாம இருந்ததுதாண்ணே பலமா விழுந்துச்சு” என்றார். பிறகு என் கையை விடாமல், இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொன்னார்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேனிக்குப் போகிறார். இப்போதெல்லாம் நானும் கூடப் போகிறேன். அங்கே இருட்டறையில் ஒரு கருவிமேல் முகத்து நாடியை ஊன்றி வைத்துக்கொண்டு, சுற்றி மின்னுகிற சின்னப் புள்ளிகள் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பொத்தான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். போன தடவை சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தது. வெளியே வந்தவர் நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். டாக்டரின் சீட்டு என் கையில்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துச் சொன்னேன்.