கம்ப்ரெசர் நின்ற நேரங்கள்

2025 ஜூன் 14, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குச் சோதனையைத் தொடங்கினோம். அம்மா தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அறைக்கும் நான் வண்ணம் தீட்டும் பின்கட்டுக்கும் இடையில் ஒரே ஒரு செங்கல் சுவர். கம்ப்ரெசரின் சத்தம் தொந்தரவாக இருந்தால் அம்மா சுவரைத் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

"தூங்கிட்டா எப்படி தட்டுவ?" என்று அப்பா கேட்டார்.

"தட்டலன்னா தூங்கிட்டேன்னு அர்த்தம் லா. இதுகூடவா சொல்லணும்?" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அம்மா பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார். காலை ஏழே முக்காலுக்குத் தொழிற்சாலைப் பேருந்து அவரை எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் இறக்கிவிடும். குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்தால் மூன்று மணிவரை உறங்குவார். மே மாதத்தில் எதிர்வீட்டில் கூரை மாற்றியபோது ஒரு வாரம் அந்த உறக்கம் கெட்டது. அந்த வாரக் கடைசியில், கையுறை அச்சுகளைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்த சங்கிலியின் முன்னால் நின்றபடியே அவர் கண் அசந்திருக்கிறார். சங்கிலி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. பக்கத்தில் நின்ற பெண் சிவப்புப் பொத்தானை அழுத்தியதால் கை தப்பியது. மணிக்கட்டில் இரண்டு அங்குலச் சிராய்ப்போடு அம்மா வீட்டுக்கு வந்தார். அதன்பின், அவருடைய உறக்கத்தைக் கெடுக்கும் எந்தப் பொருளையும் இந்த வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று நான் எனக்குள் முடிவு செய்திருந்தேன்.

ஆயினும் காற்றை அழுத்தித் தொட்டியில் அடைக்கும் கம்ப்ரெசர் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. நான் ரெசின் என்னும் பிசினில் வார்த்த கையளவு பறவைப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறேன். மீன்கொத்தியின் முதுகில் நீலம் பச்சையாக மாறும் இடத்தைத் தூரிகையால் காட்ட முடிவதில்லை. காற்றின் விசையால் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷ் அதைச் செய்யும். ஏர்பிரஷ் வாங்கி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. காற்றுக்குத்தான் வழியில்லை. பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி தன் சிறிய கம்ப்ரெசரை விற்க விரும்பினாள். "ஒரு வாரம் வெச்சுப் பாரு, பிடிச்சா எடுத்துக்கோ" என்று தந்திருந்தாள். மூன்று லிட்டர் தொட்டி, எண்ணெய் தேவையில்லாத மோட்டார். அதன் ஒலி, உரையாடும் குரலைவிடக் குறைவு என்று கையேடு சொன்னது. வேறு ஆறு வகைகளின் விவரங்களை ஒரு அட்டவணையில் ஒப்பிட்டு, இதைவிட அமைதியானது இல்லை என்று உறுதி செய்திருந்தேன்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் எஸ்டேட் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பழுதுபார்ப்பவர். "இது மீன் தொட்டிக்குக் காத்து அடிக்கிறதும்மா" என்றார். பட்டறையில் புதியது வந்ததால் கழித்துவிட்ட பழைய கம்ப்ரெசர் ஒன்றை, தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கேட்டு லோரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஐம்பது லிட்டர் தொட்டி. அது பின்கட்டின் பாதி இடத்தை எடுத்துக்கொண்டது.

சிறியதை முதலில் ஓட்டினேன். மெல்லிய முரலொலிதான். தொட்டி நிரம்பியதும் தானாக நின்றது. நான் பழைய செய்தித்தாளில் வண்ணத்தைத் தூவத் தொடங்கினேன். அழுத்தம் குறைந்ததும் மறுபடி ஓடியது. அப்போது சுவர் தட்டப்படவில்லை. சற்று நேரத்தில் நின்றது. உடனே சுவரில் டொக் என்று ஒரு தட்டு.

நேரங்களை இரு பத்திகளாக எழுதினேன்: ஓடத் தொடங்கிய நேரம், தட்டிய நேரம். பதினைந்து நிமிடங்களில் ஐந்து தட்டுகள். அவற்றில் ஒன்றுகூட மோட்டார் ஓடத் தொடங்கிய நேரத்தோடு பொருந்தவில்லை. குழம்பிப்போய், மோட்டார் நின்ற நேரங்களை நினைவிலிருந்து மூன்றாவது பத்தியாக எழுதிப் பார்த்தேன். ஐந்தும் அதோடு ஒட்டி நின்றன.

அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். நான் தாளைக் காட்டினேன்.

"ஆமா, அது ஓடுறப்ப கண்ணு சொக்குது. நின்னவுடனே முழிச்சிக்கிறேன். எங்க லைன்ல சங்கிலி நின்னா அடுப்புக்குள்ள இருக்கிற கையுறை எல்லாம் போச்சு. நின்னா எல்லாரும் ஓடணும். உடம்பு அப்படியே பழகிப்போச்சு" என்றார்.

பதினெட்டு ஆண்டுகளாக அவர் அந்தச் சங்கிலியின் முன் நிற்கிறார். என் அட்டவணையில் இதற்கு ஒரு பத்தி இல்லை.

அப்பா காத்திருக்கவில்லை. "அப்ப நிக்காம ஓடுறதுதானே வேணும்?" என்று பெரியதன் பொத்தானைத் தட்டிவிட்டார். தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "அண்ணே, டயர் கடை போட்டுட்டீங்களா?" என்று கத்தினார்.

"இதுல நான் தூங்கினா நேரா சுடுகாட்டுக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்!" என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

அப்பா அதை நிறுத்தினார். நான் இரண்டையும் விட்டுவிடுகிறேன் என்றேன். தூரிகையே போதும் என்றும் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் அம்மாவின் மணிக்கட்டு என் கண்முன் இருந்தது.

அம்மா நான் சொன்னதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் அப்பாவிடம் திரும்பினார். "இது எவ்வளவு நேரம் இப்படிக் கத்தும்?"

"ரொம்புற வரைக்கும்தான். அஞ்சு நிமிஷம்."

"ரொம்பினப்புறம்?"

"காத்து உள்ளயே இருக்கும். இவ கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கலாம்."

"அப்ப நான் பஸ்ல வர்றதுக்குள்ள ரொப்பிட்டா ஆச்சு. இத சொல்ல என் தூக்கத்துல அரை மணி நேரம் போச்சு." அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒருமுறை நிரப்பினால் ஏறத்தாழ அரை மணி நேரம் தொடர்ந்து தூவலாம். விட்டுவிட்டுத் தீட்டுவதால் ஒரு முற்பகலுக்கு அது போதும். அன்று பிற்பகல் அப்பாவும் நானும் கோலசிலாங்கூருக்குப் போய், காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் சிறு கிண்ணத்தோடு கூடிய அழுத்தக் கட்டுப்பாட்டுக் குமிழ் ஒன்றை வாங்கினோம். எங்கள் கடலோரக் காற்றில் அது இல்லாவிட்டால், வண்ணத்தோடு நீர்த்துளியும் வந்து விழும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெரிய கம்ப்ரெசரை ஓட்டினேன். அழுத்தமானியின் முள் நூறைத் தொட்டதும் அணைத்து, தானாக மறுபடி ஓடிவிடாதபடி பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். தொட்டியின் அடியிலிருந்த திருகைத் தளர்த்தி, துருநிறத் தண்ணீர் ஒரு குவளை அளவுக்கு வடியவிட்டு மூடினேன். ஏழே முக்காலுக்கு அம்மா வந்தார். ஒன்பது மணிக்கு அவர் அறைக் கதவு சாத்தப்பட்டது. நான் மேலும் இருபது நிமிடம் காத்திருந்து, முதல் மீன்கொத்தியின் முதுகில் நீலத்தைத் தூவினேன். சுவரிலிருந்து எந்தத் தட்டும் வரவில்லை.