திரியாத சொட்டு

பனியன் கம்பெனிகள் நிறைந்த ராயபுரத்தில் அமீருன்னிசாவிடம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனவர்கள் ஊசிக்குப் பயந்ததைவிட அவள் வாய்க்குத்தான் அதிகம் பயந்தார்கள். கையை இழுத்துக்கொள்கிறவர்களை அவள் விடவே மாட்டாள். "நாள் முச்சூடும் பவர் டேபிள்ல ஊசிக்கு முன்னால உக்காந்து தைக்கறீங்க, இந்த ஒரு ஊசிக்கு இத்தன கூத்துங்களா?" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிஞ்சில் ரத்தம் ஏறியிருக்கும்.

அவள் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை மறுபடி பார்க்கச் சொல்லி எந்த டாக்டரும் திருப்பி அனுப்பியதில்லை. அதில் அவளுக்குத் திமிரும் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்குத் திமிர் இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

பனியன் துணி மூட்டை ஏற்றும் டெம்போ ஓட்டிய மீரா சாகிப்பின் இரண்டாவது மகள் அவள். பிளஸ் டூ முடித்ததும் இரண்டு வருஷம் ஒரு சாயப்பட்டறையில், கேட்ட கலர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும் அறையில் வேலை செய்தாள். சாய வாடை தலைவலியைக் கொடுத்தது. முதலாளியின் மச்சான் அதைவிடப் பெரிய தலைவலியாக இருந்தான். ஒருநாள் அவன் முகத்துக்கு நேராகவே, "இனி நீங்களே கலர் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள், கோயமுத்தூரில் லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தாள். 1986இல் கிட்டுசாமியின் லேபுக்கு வேலைக்கு வந்தாள். கிட்டுசாமி லேபின் முதலாளி. ரத்தத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது சிவப்பாக இருக்கும் என்பது மட்டும்தான். ஆனால் நல்ல மனுஷன், சம்பள நாளில் முகம் சுளிக்கமாட்டார்.

1991 ஆவணி மாதம். காலை பதினோரு மணிக்கு மூக்கையா என்பவர் தன் மனைவி வெள்ளையம்மாளைக் கைத்தாங்கலாகப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். அவருக்கு ஒரு கம்பெனியில் அயர்ன் வேலை, அவளுக்கு அதே கம்பெனியில் செக்கிங். நாலு நாளைக்கு முன்பு, அவர்கள் குடியிருந்த லைன் வீட்டிலேயே பிள்ளை பிறந்திருந்தது, பக்கத்து வீட்டு அம்மாள் கையால். இரண்டு நாளாகக் காய்ச்சல். நர்சிங் ஹோம் வைத்திருந்த டாக்டர் குழந்தையம்மாளிடம் காட்டியிருந்தார்கள். பால் கட்டிக்கொண்ட காய்ச்சலா, உள்ளே புண்ணாகி விஷம் ஏறுகிறதா என்று அவருக்குச் சந்தேகம். சீட்டில் ஒரே ஒரு பரிசோதனையை எழுதி அனுப்பியிருந்தார்: சிஆர்பி.

சிஆர்பி என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். நன்றாக இருக்கிறவர்களுக்கு இருக்கிற இடமே தெரியாது. எங்கேயாவது கிருமி புகுந்தாலோ சதை நசுங்கினாலோ ஈரலுக்குச் சேதி போகும். ஈரல் ஒரே நாளில் அதை ரத்தத்தில் கொட்டித் தள்ளும். அது கிருமியின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, இதைத் தின்னு என்று வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டும். காம்ப்ளிமென்ட் என்று பெயருள்ள வேறு சில புரதங்களையும் துணைக்குக் கூப்பிடும். செத்துப்போன செல்களையும் அப்படியே காட்டிக்கொடுத்து அப்புறப்படுத்தி, வீக்கம் கட்டுமீறாமல் பார்த்துக்கொள்ளும். ரத்தம் எவ்வளவு வேகமாக அடியில் படிகிறது என்று பார்க்கும் ஈஎஸ்ஆர் பரிசோதனை பிள்ளை பெற்றவளுக்கு உதவாது. அவளுக்கு ரத்தத்தை உறைய வைக்கும் புரதம் மாசக்கணக்கில் ஏறியிருக்கும். சிவப்பணுக்கள் பொத்தான்களை அடுக்கினதுபோல ஒட்டிக்கொண்டு சும்மாவே சீக்கிரம் இறங்கிவிடும். அதனால்தான் டாக்டர் சிஆர்பி கேட்டிருந்தார்.

அமீருன்னிசா ரத்தத்தைச் சுழற்றி மேலே தெளிந்த சீரத்தை எடுத்தாள். கறுப்புக் கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு சீரம், அதன் மேல் ஒரு சொட்டு லேடக்ஸ். லேடக்ஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத பொடி மணிகள் மிதக்கும் நீர், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். இரண்டு நிமிஷம் தட்டை ஆட்ட வேண்டும். சிஆர்பி ஏறியிருந்தால் சொட்டு பால் திரிகிறதுபோலத் திரிந்துவிடும். இல்லையென்றால் பால் பாலாகவே இருக்கும். ஆட்டினாள். திரியவில்லை. நெகட்டிவ் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மூக்கையாவிடம் கொடுத்தாள்.

அவர்கள் போய்க் கால்மணி நேரம் கழித்து, தட்டைக் கழுவக் குழாயைத் திறந்தவள் அப்படியே மூடினாள். அந்த நர்சிங் ஹோமிலிருந்து வந்த பிரசவக்காரிகள் எத்தனை பேருக்கு இதே பரிசோதனை செய்திருக்கிறாள். சுகப்பிரசவமான பொம்பளைக்குக்கூட முதல் வாரத்தில் ரவை ரவையாகக் கொஞ்சமாவது திரியும். இவள் காய்ச்சலில் கொதிக்கிறாள், ஒரு பொட்டுகூடத் திரியவில்லை. அதெப்படி?

சாயப்பட்டறையில் இருந்தபோது, கெட்டியாகக் கலக்கிய சாயம் எதுவானாலும் வாளியில் கறுப்பாகத்தான் தெரியும். நேவி ப்ளூவா, கறுப்பேதானா என்று அடித்துச் சொல்ல முடியாது. வெள்ளைக் கிண்ணத்தில் ஒரு துளி விட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால்தான் உண்மையான கலர் தெரியும். அது இப்போது நினைவுக்கு வந்தது. அளவுக்கு மேல் இருந்தாலும் இல்லாததுபோலத் தெரியும் என்று படிப்பிலும் ஒரு வரி வந்ததுதான். பரீட்சையோடு அதை மறந்து தொலைத்திருந்தாள்.

மிச்சமிருந்த சீரத்தை எடுத்து உப்புநீர் கலந்து பார்க்க ஆரம்பித்தாள். கிட்டுசாமி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அமீரு, அது நெகட்டிவ்னு ரிப்போர்ட் போயிருச்சுல்ல? பாசிட்டிவ் வந்தா மட்டும் தண்ணி ஊத்திப் பாருன்னுதான மருந்து டப்பாவுல போட்டிருக்குது?"

"டப்பாவுல போட்டவனுக்கு வெள்ளையம்மாளைத் தெரியாதுங்கண்ணா. செத்த கம்முனு இருங்க."

இரண்டு பங்காக்கினாள், திரியவில்லை. நாலு பங்கு, இல்லை. எட்டுப் பங்கில் சொட்டின் ஓரம் மணல் மணலாக உடைந்தது. பதினாறில் தயிராகவே ஆகிவிட்டது. அறுபத்து நாலு பங்கு நீர்த்த பிறகும் நன்றாகத் திரிந்தது.

நடந்தது இதுதான். லேடக்ஸ் மணி ஒவ்வொன்றிலும் அந்தப் புரதத்தைப் பிடிக்கிற கொக்கிகள் உண்டு. ஒரே புரதத்தை இரண்டு மணிகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டால்தான் மணிகள் சேர்ந்து திரியும். புரதம் மிதமிஞ்சிப் போனால் ஒவ்வொரு கொக்கியிலும் தனித்தனியாக ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு மணி இன்னொன்றோடு சேர வழியே இருக்காது. வெள்ளையம்மாள் உடம்பில் அவ்வளவு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அதைத்தான் ஒன்றுமில்லை என்று இவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"நான் டாக்டரம்மாகிட்டப் போயிட்டு வர்றேனுங்க."

கிட்டுசாமிக்குப் பதறியது. "கையெழுத்துப் போட்டதைத் தப்புன்னு நாமளே போயிச் சொன்னா, நாளைக்கு நம்ம லேபுக்கு எவன் சீட்டு எழுதுவான்?"

"எழுதாட்டிப் போறாங்க. அந்தப் பொண்ணு செத்துப் போச்சுன்னா எனக்குச் சோறு எறங்காதுங்க" என்றபடி செருப்பை மாட்டினாள்.

டாக்டர் குழந்தையம்மாள் சிரித்துப் பேசுகிறவர் இல்லை. அவர் முன்னால் நர்சுகளே உட்கார மாட்டார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நெகட்டிவ்னு நீதான கண்ணு கையெழுத்துப் போட்ட?"

"நான்தானுங்க. தப்புங்க. தண்ணி கலக்காமப் பாத்துட்டேன். அறுபத்து நாலு மடங்கு கலந்தும் திரியுதுங்க."

டாக்டர் திட்டவில்லை, சட்டென்று எழுந்துகொண்டார். "பால் கட்டுன காய்ச்சல்தான்னு நான் அவங்களை ஊருக்குப் போகச் சொல்லிட்டனே. மதுரை பஸ்ஸுக்குப் போயிருப்பாங்க. ஆட்டோவுல போயிக் கூட்டிட்டு வா கண்ணு, நான் தியேட்டரை ரெடி பண்ணச் சொல்றேன்."

பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் நிறைந்து நின்றது. மூன்றாவது வரிசையில் வெள்ளையம்மாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள், பிள்ளை மூக்கையா மடியில். அமீருன்னிசா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி, இறங்கச் சொன்னாள்.

மூக்கையா அசையவில்லை. அவருக்கும்தான் எத்தனை அலைச்சல். "ஒன்னுமில்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாகளே. இந்தா, நீங்க எழுதுன சீட்டுத்தான. நெகட்டிவுன்னா நோய் இல்லன்னுதான அர்த்தம்?" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

அவள் அதை வாங்கி இரண்டாகக் கிழித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"எழுதினவளே சொல்றேனுங்க, இது தப்பு. நெகட்டிவ் இல்லீங்க, பாசிட்டிவ். உள்ளுக்குள்ள விஷம் ஏறிட்டிருக்குது. ஊரு போயிச் சேர்றதுக்குள்ள உங்க சம்சாரம் உங்களுக்கு இருக்காது."

"காலையில ஒன்னு, மத்தியானம் ஒன்னா? நான் எதைத்தாம்மா நம்புறது?"

அவர் கேட்டது நியாயம்தான். பதில் சொன்னது வெள்ளையம்மாள்தான். பல் கிட்டித்திருந்தது, இருந்தாலும் சொல் தெளிவாக வந்தது. "தப்பா எழுதுனவுக அதைச் சொல்ல இம்புட்டுத் தூரம் ஓடியாந்துருக்காக. பொய்யா சொல்லுவாக? எறக்கி விடுங்க என்னைய."

அவளை இரண்டு பேருமாகத் தூக்கித்தான் ஆட்டோவில் ஏற்ற வேண்டியிருந்தது.

நஞ்சுக்கொடியில் கட்டைவிரல் அளவு துண்டு உள்ளேயே தங்கி அழுகியிருந்தது. டாக்டர் அதை எடுத்துவிட்டு, டிரிப்பில் மருந்து ஏற்றினார். முதல் இரண்டு நாள் அவரே உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. அமீருன்னிசா சாயங்காலம் வேலை முடிந்ததும் நர்சிங் ஹோம் வாசல்வரை போவாள். உள்ளே போய் முகத்தைக் காட்டக் கூச்சமாக இருக்கும், நர்சிடம் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுவாள். யாரிடமும் தலைகுனியாதவளுக்கு அந்த நாட்கள் கசந்தன.

நாலாம் நாள் டாக்டர் மறுபடியும் சிஆர்பி கேட்டு அனுப்பினார். மூக்கையாதான் ரத்தக் குப்பியைக் கொண்டுவந்தார். கண் உள்ளே போயிருந்தது, தாடி மண்டியிருந்தது. அமீருன்னிசா சீரத்தை எடுத்து முதலில் தண்ணீர் கலக்காமலே ஒரு சொட்டு விட்டாள். தட்டை ஆட்டி நாலு ஆட்டு முடிவதற்குள் பால் கட்டி கட்டியாகத் திரிந்துவிட்டது.

கிட்டுசாமியின் முகம் விழுந்தது. "பாசிட்டிவ் ஆயிப்போச்சுங்களே. அத்தன மருந்தும் வீணாப் போச்சா?"

அவள் உப்புநீர் சேர்த்துக்கொண்டே போனாள். எட்டுப் பங்குவரை திரிந்தது. பதினாறில் திரியவில்லை. முப்பத்திரண்டிலும், அறுபத்து நாலிலும் பால் அப்படியே இருந்தது. நம்பாமல் புதுச் சொட்டு விட்டு இன்னொரு தரம் பார்த்தாள். அதே கணக்குத்தான்.

கிட்டுசாமி சொன்னது வாசலில் நின்ற மூக்கையாவின் காதில் விழுந்திருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "பாசிட்டிவுன்னா... அன்னைக்கு பஸ்ஸுல சொன்னீகளே, விஷம்னு. அதா?"

"அதுதானுங்க. ஆனா அன்னைக்கு இந்தச் சொட்டு திரியக்கூட முடியாத அளவுக்கு இருந்துச்சு. இன்னைக்குத் திரியற அளவுக்கு எறங்கிருச்சு. எட்டுல ஒரு பங்குதான் மிச்சம்."

அவருக்கு விளங்கவில்லை. "எனக்குக் கணக்கெல்லாம் தெரியாதும்மா. பொழச்சுக்குவாளா?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"பொழச்சாச்சுங்க."

மூக்கையா லேபின் படியில் உட்கார்ந்து, தெருவே பார்க்க வாய்விட்டு அழுதார்.