மாமா சொல்லாமல் விட்ட பேய்

இப்போது பேய்ப்படம் எடுக்கிறவர்களில் ஒருவரை எனக்கு மிகவும் பிடிக்கும். அவரை நேரில் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதிவைக்கிறேன்.

அவர் படத்தில் பேய் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஒரு வீடு. சமையலறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. திடீரென்று சொட்டுவது நிற்கிறது. யாரோ குழாயை மூடியிருக்கிறார்கள். கேமரா உள்ளே போவதில்லை, அழையாத வீட்டின் வாசலில் நிற்பதுபோல அங்கேயே நின்றுவிடுகிறது. பட்டுக்கோட்டை தியேட்டரில், கல்லூரியில் படிக்கும் என் மகன் முகத்தை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. அந்தக் கதவு எனக்குப் பழக்கமானது.

நான் சிறுமியாக இருந்தபோது அம்மாவின் தம்பி எங்கள் வீட்டோடு இருந்தார். பேராவூரணியில் தேங்காய் உரிக்கிற வேலை. அங்கே பேய்ப்படம் வந்தால் முதல் ஆளாகப் போய்விடுவார். எனக்கு அந்தப் படங்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் மாமா எனக்கு முழுப் படத்தையும் சொல்வார். உட்கார்ந்து சொல்ல மாட்டார். கதவு கிறீச்சிடுவதும் ஈரக்கால் தரையில் ஒட்டிப் பிரிவதும் அவர் வாயிலிருந்தே வரும். கதவு திறக்கிற இடத்தில் மட்டும் கதை நின்றுவிடும்.

"உள்ள என்ன மாமா இருந்துச்சு?"

"இருந்துச்சு பாப்பா."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

மாலையில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போடுவது என் வேலை. வைக்கோல்போரை ஒரே பக்கமாகத்தான் பிடுங்க வேண்டும். ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும் என்பதால் தென்மேற்குப் பக்கம். பிடுங்கப் பிடுங்க அங்கே ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குக் குகை விழுந்திருந்தது. மாமாவின் கதவுக்குப் பின்னால் இருந்தது அந்தக் குகைக்குள் குடிவந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் பக்கம் மாறி, மழை அடிக்கிற பக்கமாகப் பிடுங்கத் தொடங்கினேன்.

ஒரு வார அடைமழை விட்டபின் அப்பா போருக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே சுட்டது. வெளியே எடுத்த வைக்கோல் கறுத்துப்போய் நாறியது. மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஏன் பக்கம் மாற்றினாய் என்று கேட்டதும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா திட்டவில்லை. "மாப்ள, உங்க பேயி மாட்டு வாயிலயில்ல மண்ணப் போட்டுடுச்சு" என்றார்.

"நான் பேயவே காட்டலையே மச்சான்" என்றார் மாமா.

அம்மா விடவில்லை. "இனிமே இந்த வீட்ல சினிமாக் கத சொன்னா உனக்குச் சோறு கெடையாது. இல்லன்னா, நீயே போயி அந்தப் பொந்துல கைய விட்டு ஒரு புடி வைக்கல் எடுத்துக் காட்டு. புள்ள பயம் தெளியட்டும்."

மாமா கையை விடாவிட்டால் இனி ஞாயிற்றுக்கிழமையே இல்லை. கதவுக்குப் பின்னால் இருந்தது என்னவென்றும் கடைசிவரை தெரியாமல் போய்விடும்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போரை நோக்கி நடந்தார். நல்ல வெளிச்சமான காலை நேரம். குகைக்கு முன்னால் நின்றார். மெதுவாகக் குனிந்தார். முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பினார். கண்களை இறுக்கி மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டார். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. பிடுங்கிய வைக்கோலை மாட்டிடம் கொண்டுவருவதற்குள் பாதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

என் மாமா எவ்வளவு அழகாக நடிக்கிறார் என்று பூரித்துப்போய்க் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. சிரிக்கத் தொடங்கிய அப்பாவை அம்மா ஒரு பார்வை பார்த்தார். பிறகு முந்தானையால் மாமாவின் நெற்றியைத் துடைத்துவிட்டு, "போதும்டா. வா, டீ குடி" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா சாப்பிட்டுவிட்டுக் கதை சொல்ல எழுந்திருக்கவில்லை. அம்மாதான் தட்டுகளை எடுத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

"கதவு தொறந்துச்சே, அப்புறம் என்னடா இருந்துச்சு உள்ள?"

மாமா தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெரியலக்கா. அந்த எடம் வந்தா நான் கண்ண மூடிக்குவேன்."

அம்மா "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டுகளோடு உள்ளே போனார். எனக்கு மாமாமேல் கோபம் பொங்கியது. இவ்வளவு நடந்த பிறகும் உள்ளே இருந்ததைச் சொல்லாமல் மறைக்கிறாரே என்று அன்று பொழுது சாயும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.